ஊரிலிருந்து தனியாகத் திரும்பும் தாய்க்கு

நியூ ஜெர்சியில் ஜூன் கடைசியில் பள்ளி மூடியதும் எங்கள் எடிசன் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று தாத்தா பாட்டி வீட்டில் இரண்டு மாதம் இருப்பார்கள். அப்பாவுக்கு அவ்வளவு லீவு கிடையாது. இரண்டு வாரம் தலையைக் காட்டிவிட்டு முன்னாலேயே வந்துவிடுவார். ஆகஸ்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்புவது அம்மாவின் பொறுப்பு. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. தோஹாவிலோ துபாயிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ லண்டனிலோ இறங்கி ஏற வேண்டும். இந்த வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டு வாசலுக்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும்.

முதல் தடவையாகத் தனியாக வரப்போகும் பெண்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். என் பெண் வயதுதான் உங்களுக்கு. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். பிள்ளைகளைத் தனியே கூட்டிவரும் அப்பாக்களுக்கும் இதே பேச்சுதான்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள். பிள்ளை அழாமல் வர வேண்டும் என்பதைக் குறியாக வைக்காதே. வீடு வந்து சேரும்போது உன் உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த ஒரு வாரமும் பயணத்தோடு சேர்ந்ததுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தத் தெம்பைக் காப்பாற்றத்தான்.

1. டிக்கெட் எடுக்கும்போது நூறு டாலர் மிச்சமாகிறதே என்று ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் பிடிக்காதே. கைக்குழந்தையும் நாலு வயசுப் பிள்ளையுமாக ஓட முடியாது. மூன்று மணி நேரமாவது வேண்டும். அபுதாபி வழியாக எத்திஹாட்டில் வந்தால் ஒரு வசதி உண்டு. 2014 முதல் அங்கேயே அமெரிக்க இமிகிரேஷனை முடித்துவிடுகிறார்கள். இங்கே இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். தூங்கி விழும் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நிற்க வேண்டாம் என்பது பெரிய விஷயம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பொதுவாகப் பத்து சதவீதக் கட்டணம்தான், மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரில் இருக்கும்போதே இரண்டு வயது முடிந்துவிட்டால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். பேசினெட் தொட்டில் உள்ள முன்வரிசையை ஏர்லைனுக்குப் போன் செய்து கேட்டு வாங்கு. அது பத்து, பதினோரு கிலோ வரைதான் தாங்கும். ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். குழந்தையின் எடையை முன்னாலேயே பார்த்துக்கொள்.

2. காகிதங்களைக் கழுத்தில் மாட்டும் சின்னப் பையில் வை. பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. கார்டு, பிறப்புச் சான்றிதழ் நகல், இவற்றோடு கணவர் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். இந்தக் கடிதம் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இல்லை. ஆனால் ஒற்றைப் பெற்றோராகப் பிள்ளையோடு எல்லை தாண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளச் சொல்வது எல்லை அதிகாரிகளேதான். நீ எச்-4 விசாவில் இருந்தால் கணவரின் ஐ-797 நகலும் அண்மைச் சம்பளச் சீட்டும் வேண்டும். பிள்ளைக்குப் புது பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதை ஓ.சி.ஐ. தளத்தில் ஏற்றியாயிற்றா என்று பார். இருபது வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

3. கைப்பை ஒன்றுதான். இரண்டாவது பை எடுத்தால் பிள்ளையைப் பிடிக்கக் கை இருக்காது. கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியரில் போட்டுக்கொள். ஒரு ஜட்டி, ஒரு பேன்ட், ஒரு சட்டை, இரண்டு டயபர், கொஞ்சம் ஈரத்துடைப்பான் என்று ஒரு ஜிப் கவரில் போட்டு, இப்படி நாலு கவர் தயார் செய். பிள்ளை வாந்தி எடுத்தால் பையைக் கிளறாமல் ஒரு கவரை உருவு. ஈரத் துணி அதே கவருக்குள் போய்விடும். உனக்கும் ஒரு மாற்றுச் சட்டை கட்டாயம். பதினாலு மணி நேரம் பால்வாடையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

4. அம்மா அரைத்துக் கொடுத்த சாம்பார் பொடியும் பருப்புப் பொடியும் பெட்டியில் போகட்டும். அமெரிக்கா வரும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், எறியவும் சொல்லலாம். 2018 முதல் இப்படித்தான். குழந்தையின் பால் பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு. கொப்பரைத் தேங்காயைப் பெட்டியிலும் வைக்காதே.

5. விடைபெறுவதை வீட்டிலேயே முடித்துக்கொள். மீனம்பாக்கத்திலிருந்து வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்பும். குடும்பமே ரெண்டு காரில் வந்து வாசலில் நின்று அழுதால் பிள்ளை மிரண்டுவிடும், அதன் பிறகு பெட்டிகளோடு உள்ளே போக வேண்டியவள் நீ. பெட்டி தூக்கத் தம்பியோ அப்பாவோ ஒருவர் வந்தால் போதும். பாட்டியிடம் பிள்ளையைச் சாயங்காலமே உட்கார வை. "பாட்டியும் நாளைக்கு வருவாங்க" என்று பொய் சொல்லாதே. "பாட்டி இங்கேதான் இருப்பாங்க, நாம அப்பாகிட்ட போறோம், போனில் தினமும் பேசலாம்" என்று உண்மையைச் சொன்னால் மூன்று வயசுப் பிள்ளைக்கும் புரியும். அழட்டும். அழுது முடித்துக் கிளம்புகிற பிள்ளை விமானத்தில் தூங்கும்.

6. தூக்க மருந்து கொடுக்காதே. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. "ஒரு மூடி பெனர்கன் கொடு, நிம்மதியாப் போகலாம்" என்று உறவில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அதில் இருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். அந்த வயதுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. பெரிய பிள்ளைக்கும் இத்தகைய மருந்து சில நேரம் தூக்கத்துக்கு பதிலாகப் படபடப்பைக் கொடுக்கும். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அருகில் டாக்டர் இல்லை. பிள்ளை விழித்திருந்தால் விழித்திருக்கட்டும்.

7. காதுவலி வருவது பெரும்பாலும் இறங்கும்போது. தரை தொடுவதற்குச் சுமார் அரை மணிக்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும்; வெளிக்காற்றழுத்தம் ஏற ஏற, காதுக்குள் இருப்பது அதற்கு ஈடுகொடுக்க விழுங்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தைக்கு அப்போதுதான் பால், பெரியவனுக்கு ஸ்ட்ரா போட்ட தண்ணீர். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கொடு. இறங்குவதற்கு ஒரு மணி முன்னால் பால் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால் தேவையான நேரத்தில் குடிக்காது.

8. கழிவறைக்கு எப்படிப் போவது என்று எல்லாப் பெண்களும் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதே, விமானத்தில் காற்று வறண்டது, தாய்ப்பால் கொடுப்பவளுக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். ஏறியதுமே பணிப்பெண்ணிடம், "நான் தனியாக வருகிறேன், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உங்கள் உதவி வேண்டும்" என்று சொல்லிவை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்த பிறகு போ. அப்போது அவர்களுக்கும் ஓய்வு, உனக்கும் வரிசை இல்லை. பக்கத்து இருக்கையில் நம்மூர் அம்மா யாராவது இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கேள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

9. பிள்ளை அழுதால் சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் பார்க்காதே. பிள்ளையின் முகத்தைப் பார்.

10. இடையில் இறங்கும் இடத்தில் கடைகளைச் சுற்றாதே. பிள்ளையின் தள்ளுவண்டியை எடுத்து வந்தால், அது அங்கே விமானக் கதவருகே கிடைக்குமா, கடைசி ஊரில்தான் கிடைக்குமா என்று மீனம்பாக்கத்திலேயே கேட்டு வை. அந்த மூன்று மணி நேரத்தில் முதலில் டயபர், அப்புறம் சூடாக ஏதாவது சாப்பாடு, பிறகு பெரியவனை ஓட விடு. தோஹாவில் அந்தப் பிரம்மாண்ட மஞ்சள் கரடி பொம்மை வரை நடந்து போய் வந்தாலே பிள்ளைக்குக் கால் வலித்துவிடும்.

11. சாப்பாட்டுப் பொருள் எதைக் கொண்டுவந்தாலும் சுங்கத்தில் அறிவித்துவிடு. ஊறுகாய், முறுக்கு, பொடிக்கெல்லாம் பிரச்சினை இல்லை. பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அனுமதியில்லை. மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால் அபராதம், அதைவிட மோசம், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து நிற்பது.

12. இனி வீடு. முதல் இரவுகளைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகக் கேள். கோடையில் சென்னை நமக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 1 மணிக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து "தோசை" என்று கேட்டால் அது அடம் இல்லை. அதன் வயிற்றுக்குக் காலை பத்தரை. இங்கே பகல் பதினொன்றரைக்குக் கண் சொருகும். அங்கே இரவு ஒன்பது. மூளையில் இருக்கும் கடிகாரம் தோராயமாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். திட்டி நகர்த்த முடியாது. வெளிச்சம்தான் நகர்த்தும்.

மதியத் தூக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதே, எழுப்பு. அழும், தூக்கிக்கொண்டு வெளியே போ. ஆகஸ்டில் ஏழரை மணி வரை வெளிச்சம் இருக்கும். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை பூங்காவில் விடு. ராத்திரி எழுந்தால் பெரிய விளக்கைப் போடாதே, டிவியும் டேப்லெட்டும் வேண்டாம். சோறும் தயிரும் பிசைந்து முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்திரு, மங்கல் வெளிச்சத்தில் ஊட்டிவிட்டு, இருட்டிலேயே கதை சொல். மெலடோனின் கொடுக்கலாமா என்பதை உன் குழந்தை டாக்டர் சொல்லட்டும். பள்ளி செப்டம்பர் முதல் வாரத்தில் திறக்கிறது என்றால், குறைந்தது பத்து நாள் முன்னால் வந்துவிடு. பாட்டி இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்வார். அந்த நாலு நாளுக்கான விலையைப் பிள்ளை வகுப்பில் தூங்கிக் கொடுக்கும்.

தூக்கமில்லாத முதல் இரண்டு மூன்று நாள் நீ கார் ஓட்டாதே.

13. திரும்பிய பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே "இந்தியாவுக்குப் போய் வந்தோம்" என்பதாக இருக்கட்டும். இங்கே டாக்டர்களுக்கு டைஃபாய்டும் டெங்குவும் சட்டென்று நினைவுக்கு வராது. டைஃபாய்டு ஒரு மாதம் வரை கழித்துத் தலைகாட்டும். மலேரியா மாதக்கணக்கிலும் ஆகலாம். டெங்கு இல்லை என்று தெரியும் வரை மோட்ரின், அட்வில் கொடுக்காதே, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இன்னொன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பாரசிட்டமால் பாட்டிலும் இங்கே இருக்கும் டைலனாலும் ஒரே மருந்துதான், ஆனால் அளவு வேறு. இங்கே 5 மில்லியில் 160 மில்லிகிராம். நம்மூரில் ஒரு பாட்டிலில் 120, இன்னொன்றில் 250. இரவு இரண்டு மணிக்குப் பழைய ஞாபகத்தில் ஊற்றிவிடாதே. இங்கே வந்தபின் இங்கத்து மருந்தையே வை, கொண்டுவந்ததை ஒதுக்கு.

14. கணவரிடம் வேலைகளைக் கிளம்பும் முன்பே பிரித்துக் கொடு. பால், வாழைப்பழம், அரிசி, ஒரு கிண்ணம் உறைமோர் வீட்டில் இருக்க வேண்டும். காரில் பிள்ளை இருக்கை மாட்டியிருக்க வேண்டும். முதல் மூன்று இரவில் ஒரு இரவாவது நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். சின்னக் குழந்தை அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உன்னிடம் ஒட்டிக்கொள்ளலாம். அவருக்கு அது வலிக்கும். அதற்காகக் குழந்தையை வலிய அவர் கையில் திணிக்காதே; குளிப்பாட்டுவதை அவரிடம் விடு, இரண்டு நாளில் பழகிவிடும்.

15. பெட்டிகள் கிடக்கட்டும். அடுத்த இரண்டு நாளுக்கு வேண்டியதை ஒரே பெட்டியில் கட்டி, அதை மட்டும் திற.

16. பாட்டிக்கு ஒரு நேரம் வை. இங்கே காலை எட்டு மணி, அங்கே மாலை ஐந்தரை. இரண்டு வீட்டுக்கும் தோதான நேரம். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரம் மாறியதும் அங்கே ஆறரை ஆகிவிடும் என்று பாட்டியிடமும் சொல்லிவை, போனை வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு மாதத்தில் பிள்ளை வாயில் வந்த தமிழ் இந்த அழைப்பில்தான் நிற்கும்.

17. உனக்கும் மனசு கனக்கும். அங்கே எழுந்தால் காபி கையில் வந்தது. பிள்ளையைத் தூக்க நாலு கை இருந்தது. இங்கே சாத்திய ஜன்னலும் நீயும். ஒரு வாரம் அழுகை வந்தால் அது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருந்தால் டாக்டரிடம் சொல். குறிப்பாகப் பிரசவமாகி ஓராண்டுக்குள் இருப்பவர்கள். அமெரிக்காவில் தாய்மார்களுக்கென்றே 24 மணி நேரமும் இலவசமாகப் பேச ஓர் எண் இருக்கிறது: 1-833-852-6262. கைபேசியில் பதிந்து வை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் தெருவில் பிள்ளைகளோடு ஊரிலிருந்து தனியாகத் திரும்பியவள் யாராவது இருந்தால், பார்க்கப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ரசமும் சோறும் ஒரு பொரியலும் கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள்.