கார்ப் புகைக்குழாயும் எமது பிள்ளைகளின் சுவாசமும்

சில மாரிகாலங்களுக்கு முன்னர் ஒரு தாய் தனது எட்டு வயது மகனை எம்மிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) காலையில் பாடசாலை வாசலில் இறங்கும்போது பிள்ளைக்குத் தலையிடி, சத்திக் குணம். மதியத்துக்குள் சுகமாகிவிடும். சனி, ஞாயிறுகளில் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இல்லை. பாடசாலைக்குப் போகப் பஞ்சியில் சொல்லும் சாட்டு என்று வீட்டில் நினைத்தார்கள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம்.

"காரில் வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டோம். தனக்கும் தலை பாரமாக இருப்பதாகத் தாய் சொன்னார். "காருக்குக் கீழ இருந்த பெட்டியைக் களவெடுத்திட்டாங்கள் டொக்ரர். புதுசு போட ஆயிரம் பவுணுக்கு மேல கேட்டாங்கள். இவர் தெரிஞ்ச ஒரு இடத்தில சும்மா ஒரு பைப்பை ஒட்டுவிச்சுப்போட்டார்" என்றார்.

உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். இருவரின் இரத்தத்திலும் காபனோரொட்சைட்டு இருந்தது. குழாய் ஒட்டிய இடத்தில் கசிந்த புகை காருக்குள் வந்திருக்கிறது. நல்லவேளையாக இருவரும் சுகமடைந்தனர்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது?

கற்றலிற்றிக் கொன்வேட்டர் எனப்படும் இந்த ஊக்கி மாற்றியினுள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். கள்வர்கள் தேடுவது இவற்றைத்தான். பெற்றோல் எஞ்சினிலிருந்து வரும் மூன்று நச்சுகளை அது மாற்றுகிறது. காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகிறது. எரியாத எரிபொருள் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறுகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் சாதாரண நைதரசனாகின்றன. நன்றாகச் சூடேறிய பின் இந்த நச்சுகளில் 90 வீதத்துக்கு மேல் நீங்கிவிடும். வெறும் குழாயில் அவை அப்படியே வெளியே வரும்.

உடலுக்கு என்ன நடக்கிறது?

காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, சோர்வு என்பன அறிகுறிகள். பலர் இதைத் தடிமன் காய்ச்சல் என்றே நினைப்பர். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை இதில் நம்பவேண்டாம். நஞ்சு ஏறியிருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும்.

நைதரசன் ஈரொட்சைட்டு சுவாசக் குழாய்களை அழற்றித் தொய்வு நோயைக் கூட்டும். எரியாத எரிபொருளில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

லண்டனில் பெருந்தெரு அருகில் வாழ்ந்த எல்லா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் கடும் தொய்வினால் இறந்தாள். வாகனப் புகையால் மாசடைந்த காற்றும் அவளது மரணத்துக்கு ஒரு காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் அப்படியொரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் தடவை.

"டொக்ரர், பைப் போட்ட பிறகு கார் நல்லா இழுக்குது" என்று சில தம்பிமார் எம்மிடம் சொல்வதுண்டு. ஓட்டுபவருக்கு ஒரு குறையும் தெரியாது என்பது உண்மை. அந்தப் பெட்டி எஞ்சினுக்காக வைக்கப்பட்டதல்ல, சுவாசப்பைக்காக வைக்கப்பட்டது. அதை எடுத்து மிச்சம் பிடிக்கும் காசைப் பின்னால் தள்ளுவண்டியில் வரும் குழந்தை கட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்களை நாம் மறக்கவில்லை. அந்தப் புகையைக் குடித்துக்கொண்டுதான் நாமும் படித்தோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

என்ன செய்யலாம்?

1. காலையில் காரை ஸ்ராட் செய்ததும் லொறி போல இரைந்தால் பெட்டி களவு போயிருக்கலாம். காரை ஓட்டாதீர்கள். பொலிசுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

2. தர அங்கீகாரம் பெற்ற புதிய பெட்டியையே போடுங்கள். பழையது பழுதாகியிருந்தால் ஏன் பழுதானது என்று கேளுங்கள். எஞ்சின் சரியாக எரியாவிட்டால் புதியதும் பழுதாகும்.

3. பெட்டி பொருத்தப்பட்டு வந்த காரை அது இல்லாமல் வீதியில் ஓட்டுவது பிரித்தானியாவில் குற்றம். எம்.ஓ.ரி. பரிசோதனையிலும் தவறும். காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

4. பெட்டி இருந்தாலும், குளிர்ந்த எஞ்சினில் முதல் ஓரிரு நிமிடங்கள் அது வேலை செய்யாது. வீட்டோடு சேர்ந்த கராஜினுள், கதவு திறந்திருந்தாலும், காரைச் சூடேற்றாதீர்கள்.

5. காரில் போகும்போது பலருக்கு ஒன்றாகத் தலையிடி வந்து, இறங்கியதும் குறைந்தால் காரை நிறுத்தி வெளியே வாருங்கள். அன்றே வைத்திய உதவி பெறுங்கள். ஒருவர் மயங்கினால் 999ஐ அழையுங்கள்.

அந்தத் தந்தை பின்னர் தவணை முறையில் பணம் கட்டிப் புதிய பெட்டி போட்டார். "இவன் பொய் சொல்லுறான் எண்டு நான் பேசிப்போட்டன் டொக்ரர்" என்று கண் கலங்கினார். பிள்ளைகள் தலையிடி என்றால், எப்போது, எங்கே என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.