விமானப் படை அதிகாரி ஆகலாம்

மும்பையில் உள்ளது தாராவி. தமிழர்கள் பலர் வாழும் இடம். சின்ன வீடுகள். குறுகிய சந்துகள்.

உமேஷ் கீலு தாராவியில் வளர்ந்தவர். அப்பா பெயின்டர். உமேஷ் கம்ப்யூட்டர் படிப்பு முடித்தார். ராணுவ அதிகாரி ஆக ஆசைப்பட்டார். பல முறை தேர்வுக்குப் போனார். தேறவில்லை. ஆனாலும் விடவில்லை. கடைசியில் தேறினார்.

பயிற்சிக்குக் கிளம்பும் நேரம். அப்பா இறந்துவிட்டார். உமேஷ் காரியங்களைச் செய்தார். பிறகு சென்னைக்குப் பயிற்சிக்குப் போனார். 2024 மார்ச்சில் லெப்டினன்ட் ஆனார்.

விமானப் படையிலும் இப்படி அதிகாரி ஆகலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படிக்க வேண்டும். அந்த வகுப்பில் படிக்கும்போதே என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. பிறகு உடல் பரிசோதனை.

தேர்வானவர்களுக்குப் புனே அருகே மூன்று ஆண்டுப் பயிற்சி. அடுத்து ஐதராபாத் அருகே துண்டிகல்லில் விமானப் படைப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், சீருடை எல்லாம் அரசு தரும். பயிற்சி முடிந்தால் 'பிளையிங் ஆபீசர்' பதவி.

பெண் பிள்ளைகளும் 2022 முதல் புனேயில் சேர்ந்து படிக்கிறார்கள். பட்டம் படித்தவர்களுக்கு வேறு தேர்வும் உண்டு.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினால் இந்த வழி அடைபடும்.

பேசுவோம்:
உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டா? ஏன் நிறுத்தினார்கள்? அவர்கள் மீண்டும் படிக்க நாம் என்ன செய்யலாம்?