காதலில் யோசனை கேட்கலாம்... யாரிடம், எதை, எதுவரை?

“அக்கா, நீங்களும் ஒரு பொண்ணுதானே... அவ மனசுல என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்!”

கல்லூரியில் படிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தங்கைகள் இதையே வகுப்பில் நன்றாகப் பழகும் பையன் ஒருவனைப் பிடித்து, “டேய், பசங்க எல்லாரும் ஏன்டா இப்படி இருக்கீங்க?” என்று தொடங்குவார்கள்.

இப்படிக் கேட்பது நல்ல பழக்கம்தான். நம்மூரில் பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று உட்கார்ந்து பள்ளிப்படிப்பை முடித்தவர்கள்தான் அதிகம். கல்லூரிக்குப் போனாலும் இருவர் நின்று பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு எதிர்பாலில் ஒரு நல்ல நட்பு அமைந்து, மனம்விட்டுக் கேட்க முடிகிறது என்றால் அதை விட்டுவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ நடந்துகொள்வது ஒரு பெண்ணின் கண்ணுக்கு எப்படிப் படும் என்று உன் தோழியால் சொல்ல முடியும். நீ விரும்பும் அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். பையன்களிடம் யோசனை கேட்கும் தங்கைகளுக்கும் இதே கணக்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

1. ஆளைப் பார்த்துக் கேள்

யோசனை கேட்கும் ஆளிடம் மூன்று குணம் வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. “நீ செஞ்சது தப்பு” என்று உன் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் வேண்டும். உன் மீது அவருக்கே விருப்பம் இருக்கக் கூடாது. இருந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சொல்லும் யோசனை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

நீ விரும்பும் பெண்ணின் உயிர்த்தோழியிடம் போய்க் கேட்காதே. அவளால் உனக்கும் உண்மையாக இருக்க முடியாது, தோழிக்கும் உண்மையாக இருக்க முடியாது. பாவம், நடுவில் மாட்டிக்கொள்வாள்.

காதல் சாதி தாண்டியது என்றால் இன்னும் கவனம் தேவை. சொந்தக்காரப் பையன், ஊர்க்காரப் பெண் என்று உரிமையோடு போய்ச் சொல்வாய். பேச்சு வீட்டுக்குப் போய்விட்டால் போனைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது என்று எல்லாம் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் விடியும். உயிருக்கே ஆபத்தாக முடிந்ததையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சாதி மறுத்து இணைபவர்களின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொல்லி 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மிரட்டல் என்று வந்தால் நண்பர்களுக்குள் பேசிக்கொண்டிருக்காமல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தையோ ஒரு வழக்கறிஞரையோ அணுக வேண்டும்.

2. பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேள்

“அவளுக்கு என்னைப் பிடிக்குமா?” என்று கேட்டால் உன் தோழி ஊகித்துத்தான் சொல்வாள். “நான் இப்படி ஒரு மெசேஜ் போட்டிருக்கேன். இது உனக்கு வந்திருந்தா எப்படி எடுத்துப்ப?” என்று கேள். அதற்கு அவளால் உண்மையான பதில் சொல்ல முடியும்.

“பசங்க ஏன் இப்படி?” என்று கேட்கும் தங்கைக்கும் அதேதான். “ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல இருந்தா அவன் என்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறான். நீயா இருந்தா எதுக்கு அப்படி இருப்ப?” என்று நடந்ததைச் சொல்லிக் கேள். “கூட இருக்கிறவங்க ஓட்டுவாங்கன்னு கூச்சமா இருக்கும்” என்று அவன் சொல்லலாம். அது உனக்குத் தோன்றாத ஒரு காரணமாக இருக்கும். அதுவேதான் காரணமா என்பதை உன் ஆளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. உன் பக்கத்தை மறைக்காமல் சொல்

ஒரு தம்பி வந்து, “நல்லாத்தான் பேசிட்டிருந்தா அக்கா. திடீர்னு ரிப்ளையே இல்ல” என்றான். அவன் அனுப்பியதை மட்டும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். ‘ஹாய்’. ‘சாப்டியா’. ‘பிஸியா’. ‘ஆன்லைன்லதானே இருக்க’. ‘யார்கூட பேசிட்டிருக்க’. ‘கோபமா’. கடைசியாக மூன்று கேள்விக்குறி. எல்லாம் ஒரே சாயங்காலத்தில் போனவை. ‘யார்கூட’ என்ற இடத்துக்கு வரும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

அவளுடைய பக்கத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அந்த நேரம் அவள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அம்மா பக்கத்தில் போன் வரிசையாக டிங் டிங் என்று அடித்திருக்கலாம். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் திண்டாடியிருக்கலாம். நீ ஏக்கத்தில் போட்ட ‘ஆன்லைன்லதானே இருக்க’ என்ற வரி, ‘இவன் என்னைக் கவனிச்சிட்டே இருக்கான்’ என்ற பயத்தை அவளுக்குக் கொடுக்கும். பையன்களுக்குச் சட்டென்று பிடிபடாத இடம் இதுதான்.

அவன் ஒரே ஒரு மெசேஜ் போட்டான்: “நேத்து நிறைய மெசேஜ் போட்டுட்டேன், ஸாரி. உனக்குப் பேசணும்னு தோணினா பேசு.” அதன்பிறகு சும்மா இருந்தான். அவள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அவன் செய்ய வேண்டிய காரியம் அதுதான்.

4. ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதே

நீ எழுதியதைக் காட்டலாம். அவள் எழுதியது உன்னை நம்பி எழுதியது. அதை அப்படியே இன்னொருவர் போனுக்கு அனுப்பினால் பிறகு அது யார் யார் கைக்குப் போகும் என்று உன்னால் சொல்ல முடியாது. நடந்ததை உன் வாயால் சொல், போதும்.

போட்டோ விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. சம்மதம் இல்லாமல் ஒருவருடைய அந்தரங்கப் படத்தை எடுப்பதோ அனுப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

தங்கையே, உன் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணமும் கொடுக்காதே, இன்னொரு படமும் அனுப்பாதே. மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திரு. சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்கள் உதவி எண் 181. தப்பு மிரட்டுகிறவனுடையது, உன்னுடையது இல்லை.

5. தூது வேண்டாம், இரவல் வசனமும் வேண்டாம்

“நீயே அவகிட்ட சொல்லிடேன்” என்று தோழியைத் தூது அனுப்பினால், உன் பேச்சு அவள் வாயில் வேறு மாதிரி வரும். பதிலும் அப்படித்தான் திரும்பி வரும். போகிற வழியில் நாலு பேருக்குத் தெரிந்தும் போகும்.

மெசேஜை எழுதி வாங்கி அனுப்புகிற பழக்கமும் இருக்கிறது. முன்பு நண்பர்கள் எழுதிக் கொடுத்தார்கள், இப்போது ஏஐ எழுதித் தருகிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்குப் பிடித்தது அந்த எழுத்து. நேரில் சந்திக்கிற அன்று நீ உன் பேச்சோடுதானே போவாய்? எழுதியதைக் காட்டி, “இதுல ஏதாவது சங்கடமா இருக்கா?” என்று மட்டும் கேள். வார்த்தை உன்னுடையதாகவே இருக்கட்டும்.

6. ‘பசங்கன்னாலே இப்படித்தான்’ என்பதை ஏற்காதே

இது தங்கைகளுக்கு. கூச்சம், தயக்கம், மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதது, இதையெல்லாம் ஒரு நண்பன் உனக்குப் புரியவைக்கலாம். ஆனால் உன் போன் பாஸ்வேர்டு கேட்பவன், எந்த டிரெஸ் போடலாம் என்று உத்தரவிடுபவன், யாரோடு பேசினாய் என்று தினமும் கணக்குக் கேட்பவன், கோபம் வந்தால் கை ஓங்குபவன், இவர்களுக்காக எந்த நண்பனும் வக்காலத்து வாங்கக் கூடாது. “லவ்ல இதெல்லாம் சகஜம், பொசசிவ்னா அப்படித்தான்” என்று சொன்னால் அவனிடம் யோசனை கேட்பதை அன்றோடு நிறுத்திவிடு. பையன்கள் எல்லாரும் அப்படி இல்லை. அப்படிச் சொல்வது நல்ல பையன்களுக்கும் அவமானம்.

7. ‘இல்லை’ எப்படி வரும் என்று தெரிந்துகொள்

தம்பிகள் ஒரு பெண்ணிடம் கேட்டே ஆக வேண்டியது இது. நம்மூர்ப் பெண்கள் ‘பிடிக்கலை’ என்று நேராகச் சொல்வது குறைவு. “இப்ப படிப்புலதான் கவனம்.” “வீட்ல ஒத்துக்க மாட்டாங்க.” “நாம ஃப்ரெண்ட்ஸாவே இருக்கலாமே.” “பார்க்கலாம்.” பெரும்பாலும் இவற்றுக்கு அர்த்தம் ‘இல்லை’தான். பிறகு ஏன் சுற்றி வளைக்கிறாள்? பயம். நேராகச் சொன்னால் கோபப்படுவானோ, கல்லூரி வாசலில் வந்து நிற்பானோ, கண்டபடி பேசிப் பெயரைக் கெடுப்பானோ என்ற பயம். எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள்.

அதனால் மழுப்பலான பதிலையும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள். அவளுக்கு விருப்பம் இருந்தால் அவளே வந்து பேசுவாள்.

“விடாம முயற்சி பண்ணு மச்சி, விழுந்துடுவா” என்று சொல்லும் நண்பனை நம்பாதே. கதாநாயகன் பின்னாலேயே போய்ப் போய் மனதை மாற்றுவதெல்லாம் திரைக்கதை எழுதியவர் வைத்த முடிவு. வாழ்க்கையில் அந்தப் பெண் பஸ் ரூட்டை மாற்றுகிறாள், டியூஷனை நிறுத்துகிறாள். சில வீடுகளில் படிப்பே நின்றுவிடுகிறது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ்டீசிங்கால் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும், இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் அது இருக்கிறது. முதல்முறை 3 ஆண்டு வரை, மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி பாலுறவு விஷயத்தில் 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. “ரெண்டு பேருக்கும் இஷ்டம்தான்” என்று சொன்னாலும் வழக்கு நிற்கும்.

8. யோசனை சொல்பவருக்கும் தூக்கம் உண்டு

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் போட்டு அழுவது ஒருநாள் பரவாயில்லை. தினமும் என்றால் அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, வேலை இருக்கிறது, அவளுக்கென்று ஒரு காதலும் இருக்கலாம். “இப்ப பேசலாமா?” என்று கேட்டுவிட்டுப் பேசு. “இன்னிக்கு முடியலடா” என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

காதல் தொடங்கிவிட்டது என்றால் இன்னும் ஒரு படி கவனம். உங்களுக்குள் நடக்கும் எல்லாச் சண்டையையும் தோழியிடம் கொட்டாதே. இது உன் காதலிக்குத் தெரிந்தால் அவள் மனம் புண்படுமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு வாயைத் திற.

பிரிவு வந்து, சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், ‘இனி எதுக்கு இருக்கணும்’ என்று தோன்றினால் அது தோழியோ நண்பனோ தனியாகத் தாங்க முடியாத பாரம். 14416-க்குப் போன் செய். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். கூடவே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடு.

9. கடைசியில் அவளிடமே, அவனிடமே கேள்

யோசனை கேட்பதெல்லாம் இந்த ஒரு பேச்சுக்குத் தயாராகத்தான்.

• அவள் நினைத்தவுடன் எழுந்து போகக்கூடிய இடமாகப் பார். கேன்டீன், நூலகத்துக்கு வெளியே என்று நாலு பேர் நடமாடும் இடம் நல்லது.
• நண்பர் கூட்டத்தைச் சுற்றி நிறுத்தாதே. எல்லாரும் பார்க்க மண்டியிட்டால் அவளால் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது.
• சுருக்கமாகச் சொல்: “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு அப்படித் தோணலைன்னா தாராளமா சொல்லலாம், நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.”
• உடனே பதில் கேட்காதே. யோசிக்க நேரம் கொடு.
• ‘இல்லை’ என்றால், “சரி, சொன்னதுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு வந்துவிடு. காரணம் கேட்டுக் குடையாதே. அவளைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை தப்பாகப் பேசாதே.

தங்கைகளே, நீங்களும் முதலில் சொல்லலாம். பெண் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று யோசனை சொல்லும் நண்பனை ஒதுக்கிவிட்டு, உங்கள் மனதில் பட்டதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில் என்னவாக இருந்தாலும், உனக்கு யோசனை சொன்ன தோழியிடமோ நண்பனிடமோ போய் நடந்ததைச் சொல்லி நன்றி சொல். கேட்டதெல்லாம் கேட்டுவிட்டுக் காதல் அமைந்ததும் அவர்களை மறந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. நீ அப்படி இருக்காதே. எதிர்பாலில் ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க அந்த நட்பில்தான் நீ பழகினாய். காதலிலும் நாளைக்குக் குடும்பத்திலும் உனக்குக் கைகொடுக்கப் போவது அந்தப் பழக்கம்தான்.