கையால் போட்ட கணக்கு முதலில்

பெண்ணாடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. எம்.எஸ்சி. கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு ஹில்பர்ட்–ஸ்மித் யூகத்தை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். அந்தக் கேள்வி தாழ்ந்தது என்றோ, சிதம்பரத்தில் படிக்கும் பிள்ளைக்கு எட்டாதது என்றோ நினைத்து இதைச் சொல்லவில்லை. அது காம்பாக்ட் குலங்களைப் பற்றிய கேள்வி. அந்தக் குலங்கள் ஒரு வெளியின் மேல் செயல்படும்போது என்ன நடக்கிறது என்பதை நீ இன்னும் உன் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. உன் கடிதத்தில் தேற்றங்களின் பெயர்கள் நிறைய இருந்தன. ஒரு எடுத்துக்காட்டுகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

நம் ஊர்க் கோயிலிலிருந்தே தொடங்குகிறேன். பிரளயகாலேஸ்வரர் விமானம் படுத்திருக்கும் யானையின் பின்புறமாக வளைந்து முடிகிறது. தூங்கானைமாடம் என்ற பெயர் அதனால் வந்தது. அதன் தரைப்படத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, படம் மாறாமல் இருக்க அதை எத்தனை விதமாக அசைக்கலாம் என்று எண்ணிப் பார். அப்படியே விடுவது ஒன்று. நடு அச்சை வைத்து இடத்தையும் வலத்தையும் மாற்றுவது இன்னொன்று. அவ்வளவுதான், இரண்டே உறுப்புள்ள குலம். சதுரக் கருவறையானால் எட்டு கிடைக்கும். வட்ட விமானமானால் எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் படம் அதேதான், ஆகவே உறுப்புகள் முடிவில்லாதவை. ஆனால் அந்த முடிவிலி அடங்கிய முடிவிலி. கோணம் எவ்வளவு கூடினாலும் ஒரு சுற்று முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. எண்கோட்டின் மேல் நகர்வது அப்படி இல்லை, அது ஓடிக்கொண்டே இருக்கும். வட்டம் காம்பாக்ட், எண்கோடு காம்பாக்ட் இல்லை. உன் வரையறையில் திறந்த கணங்கள், முடிவுள்ள உறை என்று வருவதெல்லாம் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்வதற்குத்தான்.

இந்த அடக்கத்தால் என்ன லாபம்? சராசரி எடுக்க முடிகிறது. இந்தத் துறையின் பாதி பலம் அந்த ஒரு வேலையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சின்னக் கணக்காகப் பார். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் இரண்டு நிறப் பொடியால் புள்ளி வைக்கிறோம். மொத்தம் 16 விதம். சதுரத்தைத் திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றென்றே கொண்டால் எத்தனை மிஞ்சும்? ஒவ்வொரு திருப்பலுக்கும் மாறாமல் நிற்கும் வகைகளை எண்ணு. திருப்பாமல் விட்டால் 16, கால் சுற்றுக்கு 2, அரைச் சுற்றுக்கு 4, முக்கால் சுற்றுக்கு 2. கூட்டினால் 24, நான்கால் வகுத்தால் 6. திருப்பினால் ஒன்றாகிவிடும் கூட்டங்களை ஆர்பிட்டுகள் என்கிறோம். ஆர்பிட்டுகளின் எண்ணிக்கை, நிலையாக நிற்பவற்றின் சராசரி. இதை பர்ன்சைடு தேற்றம் என்கிறோம், ஆனால் பர்ன்சைடுக்கு முன்பே கோஷிக்கும் ஃப்ரோபீனியஸுக்கும் இது தெரிந்திருந்தது. இப்போது கண்ணாடித் திருப்பல்களையும் சேர்த்து எட்டால் வகுத்துப் பார். அப்போதும் 6தான். நிறத்தை மூன்றாக்கு. சுழற்சி மட்டும் என்றால் 24, கண்ணாடியும் சேர்ந்தால் 21. அந்த மூன்று எங்கே போனது என்று உட்கார்ந்து வரைந்து பார். நான் விடை சொல்லமாட்டேன்.

குலம் முடிவில்லாததாக இருந்தால் கூட்டுவதற்குப் பதிலாகத் தொகையிட வேண்டும். 1897இல் ஹர்விட்ஸ் சுழற்சிக் குலங்களில் அதைச் செய்து காட்டினார். காம்பாக்ட் குலங்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் அளவை வந்தது 1933இல், ஆல்ஃபிரட் ஹார் எழுதிய கட்டுரையில். ஒரு காம்பாக்ட் குலம் ஒரு நேரியல் வெளியில் செயல்படுகிறது என்று வை. உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு இன்னர் பிராடக்டை எடுத்துக்கொள், எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. குலத்தின் ஒவ்வொரு உறுப்பாலும் அதை மாற்றி, எல்லாவற்றுக்கும் சராசரி எடு. கிடைக்கும் புதிய இன்னர் பிராடக்டைக் குலம் அசைக்காது. ஒரு உள்வெளி குலத்தால் மாறாதது என்றால் அதற்குச் செங்குத்தான உள்வெளியும் மாறாது. ஆகவே வெளி முழுவதும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய நிரூபணம் இது. பீட்டரும் வைலும் 1927இல் எழுதிய தேற்றத்துக்கும் இதுவே அடித்தளம்.

இதைப் படித்த கையோடு, காம்பாக்ட் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன கெடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வரி 1, t. இரண்டாம் வரி 0, 1. இப்படிப்பட்ட அணிகளை எல்லாம் எடுத்துக்கொள், t எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். இவை தளத்தில் செயல்படும்போது கிடை அச்சு மாறாது. வேறு எந்தக் கோட்டை எடுத்தாலும் சாய்ந்துவிடும். துணைக்கு ஒரு மாறாத கோடு கிடைக்கவே கிடைக்காது. t ஓடும் கோட்டுக்கு முடிவில்லை, சராசரி எடுக்க வகுக்கும் எண்ணே இல்லை. புத்தகத்தில் நிபந்தனை என்று ஒரு சொல்லைப் பார்த்தால் அதை நீக்கி ஒரு எதிர் எடுத்துக்காட்டைத் தேடும் பழக்கம் உனக்கு வரவேண்டும். நெட் தேர்வுக்காக நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் பயிற்சி இந்தப் பழக்கத்தைத் தராது. தேர்வை எழுது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை, பிழைப்புக்கு அது வேண்டும். ஆனால் அதையே கணிதம் படிப்பது என்று எண்ணிவிடாதே.

இனி உன் யூகத்துக்கு வருகிறேன். ஹில்பர்ட் 1900இல் வைத்த கேள்விகளில் ஐந்தாவது, தொடர்ச்சி மட்டும் உள்ள குலங்களிலும் வகையிடும் அமைப்பு தானே வந்துவிடுமா என்பது. காம்பாக்ட் குலங்களுக்கு வான் நாய்மன் விடை சொன்னார். அவர் கட்டுரை ஹார் கட்டுரை வந்த அதே 1933ஆம் ஆண்டு இதழில், அதற்கு அடுத்ததாகவே அச்சாயிற்று. சராசரி எடுக்கும் கருவி கையில் வந்த உடனே கதவு திறந்துவிட்டது என்பதைக் கவனி. காம்பாக்ட் அல்லாத குலங்களுக்கு 1952 வரை, கிளீசன், மான்ட்கமரி, ஜிப்பின் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹில்பர்ட்–ஸ்மித் கேட்பது இன்னும் ஒரு படி மேலே. பன்மடிவெளி ஒன்றின் மேல் உண்மையாகச் செயல்படும் லோக்கலி காம்பாக்ட் குலம் லீ குலமாகத்தான் இருக்க வேண்டுமா? சுருக்கிப் பார்த்தால், p-ஆடிக் முழு எண்களின் குலம் அப்படிச் செயல்பட முடியாது என்று காட்டினால் போதும். அந்தக் குலமும் காம்பாக்ட்தான்! சராசரி எடுக்கலாம். செயல் வகையிடத்தக்கதாக இருந்தால் பன்மடிவெளியின் ரீமான் அளவையையே குலத்தின் மேல் சராசரி எடுத்துவிடலாம். குலம் தூரம் மாறாத அசைவுகளின் குலத்துக்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட அசைவுகள் எல்லாம் சேர்ந்து லீ குலமாகும் என்று மையர்ஸும் ஸ்டீன்ராடும் 1939இல் காட்டிவிட்டார்கள். p-ஆடிக் குலம் அதற்குள் அடங்காது, முடிந்தது. செயல் வெறும் தொடர்ச்சி மட்டும் உள்ளதாக இருக்கும்போதுதான் சிக்கல். அங்கே ரீமான் அளவையைக் குலத்தால் மாற்றிச் சராசரி எடுக்க முடியாது. மூன்று பரிமாணத்துக்கு ஜான் பார்டன் 2013இல் நிறுவினார். பொதுவான விடை இன்னும் வரவில்லை. வகையிடத்தக்க நிலையின் நிரூபணத்தை ஒரு ஓட்டையும் இல்லாமல் எழுதிக் காட்டு. அதுவே ஒரு நல்ல புராஜெக்ட்டின் ஒரு அத்தியாயம் ஆகும். அதை எழுதாமல் திறந்த கேள்விக்குப் போனால் அது எங்கே திறந்திருக்கிறது என்பதே உனக்குத் தெரியாது.

புராஜெக்ட்டுக்கு நான் சொல்லும் தலைப்பு, பரப்புகளின் மேல் வட்டத்தின் செயல். கேட்க எளிது. ஆனால் எவ்வளவு இருக்கிறது பார். கோளத்தை அதன் அச்சில் சுழற்று. ஆர்பிட்டுகள் எல்லாம் அட்சக்கோடுகள், இரு துருவங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். ஆர்பிட் வெளி என்பது உயரத்தைக் குறிக்கும் ஒரு கோட்டுத்துண்டு, −1 முதல் 1 வரை. இரண்டு அட்சக்கோடுகளுக்கு நடுவே உள்ள பட்டையின் பரப்பளவு அவற்றின் உயர வித்தியாசத்தை மட்டுமே பொறுத்தது என்பது ஆர்க்கிமிடீஸுக்குத் தெரியும். நடுக்கோட்டை ஒட்டிய அரை அலகு உயரப் பட்டைக்கும் துருவத்தில் கவிழ்ந்த அரை அலகு உயரத் தொப்பிக்கும் பரப்பளவு ஒன்றே. 1982இல் டைஸ்டர்மாட்டும் ஹெக்மனும் எழுதிய தேற்றம் இந்தப் பழைய உண்மையை விரித்தது. ஆர்க்கிமிடீஸின் அந்த உண்மையைப் பரப்பளவுக் கணக்காகத் தொகையிட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தேற்றத்துக்குப் போனால் பயம் வராது.

அடுத்து நிலைப்புள்ளிகளை எண்ணு. மூடிய, திசையுள்ள பரப்பில் வட்டம் உண்மையாகச் செயல்பட்டால் நிலைப்புள்ளிகளின் எண்ணிக்கை அந்தப் பரப்பின் ஆய்லர் எண்ணுக்குச் சமம். கோளத்துக்கு 2, துருவங்கள் இரண்டு. வடை வடிவப் பரப்புக்கு 0, அங்கே எந்தப் புள்ளியும் நிற்காமல் சுழற்ற முடிகிறது. துளை இரண்டானால் ஆய்லர் எண் −2. புள்ளிகளின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்குமா? ஆகவே அந்தப் பரப்பில் வட்டத்துக்கு இடமே இல்லை. மூன்று வரியில் ஒரு முடியாமையை நிறுவிவிட்டோம். துளைகள் g என்றால், g குறைந்தது 2 ஆகும்போது, திசை மாற்றாமல் செயல்படும் முடிவுள்ள குலத்துக்கு 84(g−1) உறுப்புகளுக்கு மேல் இருக்க முடியாது என்று ஹர்விட்ஸ் சொன்னார். g = 3க்கு 168 உறுப்புள்ள குலம் உண்மையாகவே இருக்கிறது, கிளைன் கண்டது. இதையெல்லாம் எழுதும்போது எனக்கு இன்றும் கை நிற்பதில்லை.

வட்டம் நுழைய முடியாத அதே பரப்புகளில்தான் நம் நாட்டின் மிகப் பெரிய கணிதத் தேற்றங்களில் ஒன்று நிற்கிறது. நரசிம்மன் தண்டரை என்ற சிற்றூரில் பிறந்தவர், சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்தவர், இருவரும் 1932. இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் அருட்தந்தை ரசினிடம் படித்தார்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர் பாரிசில் எலி கார்ட்டானிடம் ஆய்வு செய்தவர். லீ குலங்கள் என்றாலே முதலில் வரும் பெயர்களில் கார்ட்டான் ஒன்று. 1953இல் இருவரும் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். 1965இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் காட்டியது இது. துளை இரண்டுக்குக் குறையாத ரீமான் பரப்பின் மேல், படி சுழியமான நிலைத்த வெக்டர் பண்டில்கள் எல்லாம், அந்தப் பரப்பின் அடிப்படைக் குலம் யூனிட்டரி அணிகளுக்குள் பிரிக்க முடியாதபடி போகும் வழிகளிலிருந்தே வருகின்றன. நிலைத்தவை என்ற கருத்து மம்ஃபர்டுடையது, காம்பாக்ட் அல்லாத பெரிய குலங்களால் வெளியை வகுக்கும் வேலையில் பிறந்தது. யூனிட்டரி அணிகள் காம்பாக்ட் குலம். வகுக்கக் கடினமான பக்கத்தை அடங்கிய குலத்தின் மொழியில் எழுதிவிட்டார்கள். 1983இல் டொனால்ட்சன் இதற்கு வேறு நிரூபணம் தந்தார். அதிலிருந்து ஒரு பெரிய துறையே வளர்ந்தது. சேஷாத்ரி பிறகு சென்னைக்கு வந்து 1989இல் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திராவையும் ஒரு நாள் படிப்பாய். காம்பாக்ட் அல்லாத செமிசிம்பிள் குலங்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் அவர். தனித்த தொடர் என்னும் ரெப்ரசென்டேஷன்கள் அப்படியொரு குலத்துக்கு எப்போது இருக்கும் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையும் உள்ளே இருக்கும் மீப்பெரு காம்பாக்ட் குலத்தில்தான் இருக்கிறது. இரண்டின் ராங்க்கும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவே. காட்டுக்குள் போகிறவர்களும் இந்த அடங்கிய குலத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு என்ன பெரிதாகச் செய்ய முடியும் என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. எஸ். எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை உன் பல்கலைக்கழகத்தில்தான் பாடம் நடத்தினார். எண் கோட்பாட்டில் வாரிங் கேள்வியின் பெரும்பகுதியை அங்கே இருந்துதான் தீர்த்தார். அந்தக் கட்டுரைகளில் சில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலேயே வந்தன. 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் நடந்த வளாகத்தில் நடக்கிறாய். உனக்கு அவரைவிட வசதி அதிகம். டாட்டா நிலையத்தின் விரிவுரைக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பிரெடன் 1972இல் எழுதிய காம்பாக்ட் உருமாற்றக் குலங்கள் பற்றிய நூலை எடு. முழுவதையும் படிக்கப் பார்க்காதே. முதல் இரண்டு அத்தியாயங்கள் போதும். ஸ்லைஸ் தேற்றம் வரும் இடத்தில் நின்று, கோளத்தின் துருவத்திலும் நடுக்கோட்டிலும் ஸ்லைஸ் எப்படி இருக்கும் என்று தனித்தனியே வரைந்து பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பு. உன் வழிகாட்டியிடம் இந்தத் தலைப்பைச் சொல்லும்போது பெயர்களை அடுக்காதே. துளை இரண்டுள்ள பரப்பில் வட்டம் ஏன் செயல்படாது என்பதைப் பலகையில் எழுதிக் காட்டு. அவர் இடைமறித்துக் கேட்கும் கேள்விகளைத் தேதியோடு குறித்துக்கொண்டு எனக்கு எழுது. ஆய்லர் எண்ணும் நிலைப்புள்ளியும் ஏன் சமம் என்று அவர் கட்டாயம் கேட்பார், அதற்கு நீ தயாராகப் போ.

அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது பேசு.

அன்புடன்,
பெரியப்பா