கணினி விழித்தெழும்போது வழி தெரிய வேண்டும்

கணினித்துறையில் படிக்காத நண்பர்களும் இம்மலரைப் புரட்டுவார்கள் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகின்றேன். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நாம் அனுப்பும் எதுவும் முழுதாகப் போவதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். அம்முகவரியைப் பார்த்து, பொட்டலத்தை எந்தப் பக்கம் தள்ளிவிடுவது என்று வழியிலுள்ள ஒவ்வொரு கணினியும் முடிவெடுக்க வேண்டும். இம்முடிவுக்கு உதவும் பட்டியலுக்குத் திசைவிப்பு அட்டவணை என்று பெயர். யூனிக்ஸ் கணினி ஒன்று எழுந்திருக்கும்போது இந்த அட்டவணை எப்படி நிரப்பப்படுகின்றது, நிரப்பப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, ரூட்டர் என்ற கருவி முதலில் ‘பெங்ஹாலா’ என்றுதான் அறிமுகமானது. மலாயில் ‘ஹாலா’ என்றால் திசை. பல்கலைக்கழகத்தில் விரிவுரை முழுதும் ஆங்கிலம் என்பதால் ரூட்டர் என்ற சொல்லே வாயில் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் தமிழில் ‘திசைவி’ என்று ஒரு சொல் இருப்பதைப் பார்த்தேன். திசையிலிருந்து திசைவி, ஹாலாவிலிருந்து பெங்ஹாலா. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றார்கள்! கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் மட்டும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கின்றேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

அட்டவணைக்கு வருவோம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகின்றவர் ‘உத்தாரா’ என்ற பலகையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டே இருப்பார். தஞ்சோங் மாலிமுக்குப் போகின்றவருக்கோ அவ்வூரின் பெயர் எழுதிய பலகை வந்ததும் அதுதான் கணக்கு. பொதுவான பலகையை அவர் விட்டுவிடுவார். அட்டவணையும் அப்படித்தான். ஒரு முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினால், அவற்றுள் மிகக் குறிப்பான வரியே வெல்லும். எதுவுமே பொருந்தாவிட்டால் ‘டிஃபால்ட்’ என்ற பொது வழி.

192.168.10.5 என்ற முகவரியுள்ள கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 192.168.10 என்று தொடங்கும் முகவரிகளெல்லாம் அதன் சொந்தப் பிணையத்தில் இருப்பவை. அவற்றுக்கு நேரடியாகவே அனுப்பிவிடலாம். 192.168.20 என்று தொடங்குபவை வேறோர் அறையில் உள்ளன. அங்கே போக 192.168.10.2 என்ற திசைவியிடம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் 192.168.10.1. ஆக மூன்றே வரிகள். முதல் வரியை யாரும் எழுத வேண்டியதில்லை. பிணைய அட்டைக்கு முகவரி கொடுத்த உடனேயே அது தானாக வந்துவிடும். மற்ற இரண்டையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? ‘ரூட் ஆட்’ என்ற கட்டளையைத் தட்டினால் அந்த நொடியிலேயே வழி சேர்ந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகின்றது. இந்த அட்டவணை வன்தட்டில் இல்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நினைவகத்தில் இருக்கின்றது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நான் பகுதி நேரமாக உதவிய ஓர் ஆய்வுக்கூடத்தில் மேலே சொன்ன அதே அமைப்பில் ஃபிரீ பிஎஸ்டி கணினி ஒன்று சேமிப்புக்காக ஓடியது. மாடியறையில் இருந்த அளவீட்டுக் கருவிகள் ஒவ்வோர் இரவும் தங்கள் அளவுகளை அதற்கு அனுப்பும். அக்கருவிகள் ஒரு நாள் அளவை மட்டுமே தம்மிடம் வைத்திருக்கக்கூடியவை. ஒரு நாள் பிற்பகல் இடியும் மழையுமாக இருந்தபோது மின்சாரம் துண்டித்து, சற்று நேரத்தில் மீண்டது. கணினியும் எழுந்தது. கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் அது வேலை செய்தது. அதிலிருந்து இணையத்துக்கும் போக முடிந்தது. எனவே யாருக்கும் ஐயம் எழவில்லை. மூன்று இரவுகளுக்குப் பிறகு, இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக அந்த அளவுகளை நம்பியிருந்த அக்கா ஒருவர் கோப்புகளைத் திறந்து பார்த்தபோது மூன்று நாள் தகவல் இல்லை. கருவிகளிலும் பழையது அழிந்திருந்தது.

ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப அண்ணன் வந்து ‘நெட்ஸ்டாட் -ஆர்என்’ என்ற கட்டளையைத் தட்டி, திரையை ஒரே ஒரு முறை பார்த்தார். “தம்பி, 20-க்குப் போற வழியே இல்ல பாரு” என்றார். அந்த வழியை ஓராண்டுக்கு முன் யாரோ ஒரு மாணவர் கையால் தட்டிச் சேர்த்துவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு கணினி ஒரு முறைகூட அணைக்கப்படவே இல்லை. ஓராண்டாகச் சரியாக ஓடிய ஒன்று, உண்மையில் ஒரு மின்தடைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கின்றது. (நம் பேரவையிலும் செயலவை ஆண்டுதோறும் மாறும்போது இதுதானே நடக்கின்றது? கூட்டக்குறிப்பில் எழுதாத ஏற்பாடு எதுவும் அடுத்த செயலவைக்குப் போய்ச் சேருவதில்லை.)

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மாடியறையிலிருந்து புறப்பட்ட பொட்டலங்கள் கணினிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தன. கணினி அனுப்பிய பதில்தான் மாடியறைக்கு வழி தெரியாமல் பொது வழியில் 192.168.10.1-க்குப் போய், அங்கே தொலைந்தது. பிணையத்தில் போக ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் தனித்தனியே வேண்டும். போகும் வழியை மட்டும் சோதித்துவிட்டு ‘சரியாக இருக்கின்றது’ என்பவர்கள் பலர்.

ஆர்சி என்னும் பழைய பெயர்

யூனிக்ஸ் எழும்போது கெர்னல் முதலில் ஏறும். பிறகு ‘இனிட்’ என்ற முதல் நிரல். அது ‘ஆர்சி’ என்ற நிரலை ஓட்டும். ஆர்சி என்ற பெயர் யூனிக்ஸை விட மூத்தது. 1960-களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில், கோப்பில் எழுதி வைத்த கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ‘ரன்காம்’ என்ற வசதியை லூயி புசான் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கினார். அதன் சுருக்கமே ஆர்சி. இதே புசான்தான் 1970-களில் பிரான்சில் சிக்லாத் என்ற பிணையத்துக்குத் தலைமை ஏற்றார். ஒவ்வொரு பொட்டலமும் தன் முகவரியோடு தனித்தனியே பயணம் செய்யும் முறையை அங்கே செய்து காட்டினார். இணையத்தை வடிவமைத்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆர்சி கோப்பில் வழி எழுதும் நாம் இரண்டு வகையிலும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றோம். எனக்கு இச்செய்தி மிகவும் பிடிக்கும்.

ஃபிரீ பிஎஸ்டியில் நாம் தொட வேண்டிய கோப்பு ‘எட்சி’ அடைவிலுள்ள ‘ஆர்சி.கான்ஃப்’. மேலே சொன்ன கணினிக்கு வேண்டியவை நான்கு வரிகள்:

இஃப்கான்ஃபிக்_இஎம்0="இனெட் 192.168.10.5 நெட்மாஸ்க் 255.255.255.0"
டிஃபால்ட்ரூட்டர்="192.168.10.1"
ஸ்டேட்டிக்_ரூட்ஸ்="மாடி"
ரூட்_மாடி="-நெட் 192.168.20.0/24 192.168.10.2"

இஎம்0 என்பது பிணைய அட்டையின் பெயர். மூன்றாம் வரி, நாம் சேர்க்கப்போகும் வழிகளுக்கு நாமே வைக்கும் பெயர்களின் பட்டியல். இடைவெளி விட்டு எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நான்காம் வரியைப் போல ஒரு விளக்க வரி இருக்க வேண்டும். விளக்க வரியை மட்டும் எழுதிவிட்டுப் பட்டியலில் பெயரைச் சேர்க்காவிட்டால், கணினி முணுமுணுக்காமல் அவ்வழியை விட்டுவிடும். பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம்.

இவ்வரிகளை எந்த வரிசையில் எழுதினாலும் தவறில்லை. ஓடும் வரிசைதான் முக்கியம். 192.168.10.2-க்குக் கொடு என்று சொல்லும்போது, அந்த 10.2 எங்கே இருக்கின்றது என்று கணினிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அட்டைக்கு முகவரி கிடைக்கும் முன்பே வழியைச் சேர்க்க முயன்றால் ‘அப்பிணையத்தை எட்ட முடியவில்லை’ என்ற பதில்தான் வரும். ஆகவே முதலில் அட்டை, அடுத்து வழி, அதன் பிறகே மற்றச் சேவைகள்.

சிஸ்டம் 5 வகை யூனிக்ஸ்களில் இவ்வரிசையை எண்களால் காட்டினார்கள். பழைய சோலாரிஸில் ‘எஸ்69இனெட்’ என்று ஒரு கோப்பு இருந்தது. 69 என்பது அதன் வரிசை எண். இடையில் ஒன்றைச் செருக வேண்டுமானால் பொருத்தமான எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வந்த நெட்பிஎஸ்டி 1.5 இதற்கு வேறு வழி கண்டது. ஒவ்வொரு சிறு நிரலும் தன் தலைப்பிலேயே ‘நான் இதைத் தருகின்றேன், எனக்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்துக்கொள்ளும். ‘ஆர்சிஆர்டர்’ என்ற நிரல் அவற்றைப் படித்து வரிசையைக் கணக்கிடும். 2003-இல் வந்த ஃபிரீ பிஎஸ்டி 5.0-உம் இம்முறையை எடுத்துக்கொண்டது. அதனால் ‘ரூட்டிங்’ என்ற நிரல், அட்டைகளைக் கவனிக்கும் ‘நெட்இஃப்’ முடியும் வரை காத்திருக்கும்.

இந்த உறவு எழும்போது மட்டுமே தானாக நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் நெட்இஃப் சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் வழிகள் அழிந்துபோகும். ரூட்டிங்கையும் அடுத்துத் தொடங்க வேண்டும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக இதைச் செய்பவர் இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் இணைத்துத் தட்டுவது நல்லது. இல்லையேல் முதல் கட்டளையோடு தொடர்பு அறுந்துவிடும். பிறகு பேருந்து ஏறித்தான் போக வேண்டும்!

இன்னொரு கண்ணி. ஆர்சி.கான்ஃப் வெறும் பட்டியல் போலத் தோன்றினாலும், அது ஷெல் படிக்கும் கோப்பு. மேற்கோள்குறி ஒன்றை மூடாமல் விட்டால் எழும் வேலை பாதியிலேயே நின்று, கணினி ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய்விடலாம். அப்போது கோப்பைத் திருத்தவும் முடியாது. வட்டு படிக்க மட்டுமே என்ற நிலையில் இருக்கும். ‘மவுண்ட் -யு /’ என்று தட்டினால்தான் எழுத இடம் கொடுக்கும். இத்தொல்லை வேண்டாம் என்றால் கோப்பைக் கையால் திறக்காமல் ‘சிஸ்ஆர்சி’ என்ற கட்டளையால் வரிகளை மாற்றலாம்.

கணினியே இரண்டு பிணையங்களுக்கு நடுவில் நின்று பிறருடைய பொட்டலங்களைக் கடத்த வேண்டுமானால் ‘கேட்வே_எனேபிள்="யெஸ்"’ என்ற வரியும் தேவை. இயல்பில் இது மூடியே இருக்கும். இரண்டு அட்டைகள் செருகிவிட்டதால் மட்டும் ஒரு கணினி திசைவியாகிவிடாது.

மற்றக் குடும்பத்தினர் வெவ்வேறு இடத்தில் எழுதுகின்றார்கள். ஓபன் பிஎஸ்டியில் பொது வழிக்கு ‘மைகேட்’ என்றே ஒரு கோப்பு உண்டு; பழைய சோலாரிஸில் ‘டிஃபால்ட்ரூட்டர்’ என்ற கோப்பு இருந்தது; டெபியனில் ‘இண்டர்ஃபேசஸ்’ கோப்பில் ‘கேட்வே’ என்ற வரி. டிஎச்சிபி மூலம் முகவரி வாங்கும் கணினிக்குப் பொது வழியும் கூடவே வந்துவிடும். வழிகளைத் திசைவிகளே ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ‘ரூட்டட்’ என்ற நிரல் 1983-இல் 4.2 பிஎஸ்டியிலேயே வந்துவிட்டது. ஆனால் மூன்று வரி அட்டவணைக்கு அதெல்லாம் வேண்டியதில்லை.

எழுதி முடித்ததும் ரூட்டிங் சேவையைத் தொடங்கிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். முன்பு கையால் சேர்த்த வழி ஏதாவது இன்னும் நினைவகத்தில் இருந்து நம்மை ஏமாற்றக்கூடும். நமக்கு வசதியான நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கணினியை ஒரு முறை முழுதாக அணைத்து எழுப்ப வேண்டும். பிறகு ‘ரூட் -என் கெட் 192.168.20.15’ என்று கேட்டால், அம்முகவரிக்கு எந்தத் திசைவி வழியாகப் போகப்போகின்றது என்று அதுவே சொல்லும். விடையில் 192.168.10.2 வர வேண்டும்; 10.1 வந்தால் பொது வழியில் போகின்றது என்று பொருள். அதோடு மாடியேறிப் போய், அங்கிருந்தும் ஒரு பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். ஐபிவி6 பயன்படுத்துகின்றவர்கள் அதற்குரிய வழிகளை ‘ஐபிவி6_டிஃபால்ட்ரூட்டர்’, ‘ஐபிவி6_ஸ்டேட்டிக்_ரூட்ஸ்’ என்று தனியாக எழுதித் தனியாகவே சோதிக்க வேண்டும். மேலே எழுதிய நான்கு வரிகள் அதற்குச் செல்லாது.