குமிழ் மூலம் பயிர் செய்தல்: டாபடிலும் நமது சின்ன வெங்காயமும்



ஆங்கில இலக்கியம் படிப்போர் வேர்ட்ஸ்வேர்த் என்னும் கவிஞரை அறிவீர்கள். ஏரிக்கரையில் அவர் கண்ட மஞ்சள் நிற டாபடில் மலர்கள் பற்றிய கவிதை 1807 இல் அச்சேறியது. அந்த மலரைத் திருகோணமலையில் நம் வீட்டு முற்றத்தில் வளர்க்க முடியுமா? வகுப்பில் ஒரு மாணவி கேட்ட இந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போனால், குமிழ் பற்றிய பாடம் முழுவதையும் சொல்லவேண்டி வரும். எனவே இவ்வலகை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

குமிழ் என்றால் என்ன?

"வெங்காயம் ஒரு வேர்" என்று எழுதும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் அன்று. ஒரு வெங்காயத்தை எடுத்து மேலிருந்து கீழாக, நெடுக்காக, இரண்டாக வெட்டுங்கள். பாடநூல் படத்தைப் பத்துத் தடவை வரைவதை விட இது மேல். அடியில் தட்டுப்போன்ற சிறிய கடினமான பகுதி தெரியும். அதுதான் தண்டு. அதன் கீழ்ப்புறத்திலிருந்து நார்போன்ற, இடம்மாறிப்பிறந்த வேர்கள் புறப்படும். மேற்புறத்தில் ஒன்றையொன்று மூடியிருக்கும் சதைப்பற்றுள்ள அடுக்குகள் யாவும் இலைகள். உணவைச் சேமித்து வைத்திருக்கும் இலையடிகள். வெளியே உள்ள காய்ந்த சிவப்புத் தோலும் இலையே. அது உள்ளே உள்ள ஈரம் வெளியேறாமல் காக்கிறது. நடுவில் உச்சியரும்பும், அடுக்குகளுக்கு இடையே கக்கவரும்புகளும் இருக்கும். ஆகவே குமிழ் என்பது குறுகிய தண்டும் சேமிப்பு இலைகளும் அரும்புகளும் சேர்ந்த, உருத்திரிந்த ஒரு நிலக்கீழ்த் தண்டுத் தொகுதி. சமையலில் நாம் தின்பது பெரும்பாலும் இலை.

சின்ன வெங்காயத்தை வெட்டும்போது ஒரே தோலுக்குள் இரண்டு மூன்று அரும்புகள் இருப்பதைக் காணலாம். நட்டபின் ஒவ்வொன்றும் தனித்தனிக் குமிழாகப் பெருகும். பெரிய வெங்காயம் பொதுவாக விதையிலிருந்தும், சின்ன வெங்காயம் பொதுவாகக் குமிழிலிருந்தும் பயிரிடப்படுவதற்கு இதுவே காரணம். இவ்வாறு பெறப்படும் பயிர்கள் தாய்த்தாவரத்தின் இயல்புகளை அப்படியே கொண்டிருக்கும். இந்த வாக்கியத்தை விடையில் எழுத மறக்க வேண்டாம். ஆனால் நோயும் அப்படியே கடத்தப்படும் என்பதை எழுதுவோர் குறைவு. நல்ல விடைக்கு இரண்டும் வேண்டும்.

டாபடிலும் குமிழ்த்தாவரமே. முன்னர் வெங்காயத்தை லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தனர்; பழைய குறிப்புப் புத்தகங்களில் அப்படித்தான் காண்பீர்கள். 2009 இல் வெளியான பாகுபாட்டு முறையின்படி வெங்காயம், டாபடில், நம் முற்றங்களில் நிற்கும் மழை லில்லி, கடற்கரையோரங்களில் வளரும் விஷமூங்கில் ஆகிய நான்கும் அமரில்லிடேசியே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டாபடில் நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

அப்படியானால் அது ஏன் இங்கே பூப்பதில்லை?

பெரும்பாலான டாபடில் இனங்களின் குமிழ்கள் ஈரமான குளிர்ந்த மண்ணில், ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில், 12 முதல் 16 வாரங்கள் வரை கிடந்தால்தான் பூந்தண்டு சரியாக நீளும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் குமிழை அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில் புதைத்து விடுகிறார்கள். பனிக்காலம் முழுவதும் அது மண்ணுக்குள் வேர் விட்டுக் காத்திருந்து வசந்தத்தில் பூக்கிறது. திருகோணமலையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. நுவரெலியாவிலேயே சராசரி 16 பாகை அளவில் உள்ளது. அங்கு தை, மாசியில் சில இரவுகளில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெப்பம் ஏறிவிடும். மூன்று நான்கு மாதத் தொடர் குளிர் அங்கும் கிடையாது. குமிழைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து நடலாம் என்று சிலர் சொல்வர். ஒருமுறை பூத்தாலும், நம் வெயிலில் இலைகள் விரைவில் கருகுவதால் அடுத்த ஆண்டுக்கான உணவு குமிழில் சேராது.

குளிர் என்னும் இந்தச் சைகை வெங்காயத்துக்கும் உண்டு. பெரிய வெங்காயத்தில் விதை எடுப்பதற்காகத் தாய்க்குமிழ்களைக் குளிரறையில் வைத்தெடுத்து நடும் முறை நம் நாட்டில் உள்ளது. டாபடிலில் பூ வேண்டும், குளிர் கிடைக்கவில்லை. சின்ன வெங்காயத்தில் நமக்குப் பூவே வேண்டாம், குமிழ்தான் வேண்டும். இந்த வேறுபாடு விளங்கினால் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது.

குமிழ் பருப்பதற்குப் பகற்காலத்தின் நீளமும் காரணமாகிறது. திருகோணமலை அகலக்கோடு 8½ பாகை வடக்கில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. 14 மணித்தியாலப் பகலை வேண்டிநிற்கும் ஐரோப்பிய வெங்காய இனங்களை இங்கே நட்டால் இலை மட்டும் செழித்து நிற்கும், குமிழ் வராது. நம் மண்ணுக்குப் பழகிய வேதாளன், யாழ்ப்பாண உள்ளூர் போன்ற இனங்களைத் தெரிவு செய்வது இதனாலேயே.

நமது மாவட்டத்தில் எப்போது நடுவது?

உப்புவெளியைத் தாண்டி நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, குச்சவெளி என்று வடக்கே போனால் வீதியோரத்து மணல் நிலங்களில் சின்ன வெங்காயப் பாத்திகளைக் காணலாம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்தில் நெல் விளைவதற்கும், இங்கே வெங்காயம் விளைவதற்கும் மண்ணே காரணம். கரையோர மணல் மண் நீரைத் தேங்கவிடாது. குமிழ்ப்பயிருக்கு அது வரம். ஆனால் போட்ட பசளையும் நீரோடு கீழே போய்விடும். அதனால் மக்கிய சாணமோ கூட்டெருவோ தாராளமாகக் கலக்க வேண்டும்.

வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டும். அந்த நேரம் நட்டால் குமிழ் அழுகும், இலைகளில் பங்கசு நோய் பரவும். தைப்பொங்கல் முடிந்து மழை ஓய்ந்தபின் நடுவதே வீட்டுத்தோட்டக்காரருக்குப் பாதுகாப்பானது. பங்குனி கடைசியில் பிடுங்கிவிடலாம். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் காலை மாலை இரு வேளையும் தண்ணீர் கேட்கும். வேலைக்கும் பாடசாலைக்கும் போகும் வீட்டில் அது இலேசான காரியம் அன்று.

நடுகையும் பராமரிப்பும்

விதைக்குமிழ் உறங்குநிலை நீங்கியதாக இருக்கவேண்டும். பிடுங்கிய உடனே நட்டால் முளைப்பது தாமதிக்கும், சீராகவும் முளைக்காது. நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் தொங்கவிட்ட குமிழ்கள் ஏற்றவை. கடையில் வாங்கினால் கையில் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருப்பதையும் அடித்தட்டில் பூஞ்சணம் பிடித்ததையும் தள்ளிவிடுங்கள்.

3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் கொண்ட பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடைவெளி 10 செ.மீ × 10 செ.மீ. நீளப்பாட்டில் 30, அகலப்பாட்டில் 10, ஆக 300 குமிழ்கள். ஒரு குமிழ் 3 கிராம் எனக் கொண்டால் 900 கிராம் விதை வெங்காயம் போதும். இந்தக் கணக்கைச் செய்யும்போது அலகுகளை முதலில் மீற்றருக்கோ சென்ரிமீற்றருக்கோ ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்தும்போது நான் காணும் பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

குமிழின் காய்ந்த கழுத்தைக் கிள்ளிவிட்டு, வேர்ப்பக்கம் கீழாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி அழுத்தி நடுங்கள். டாபடிலைப்போல் ஆழப் புதைக்கக்கூடாது. ஆழத்தில் குமிழ் பருக்க இடமின்றி நீளமாகிவிடும். முதல் கிழமை தினமும் மெதுவாக நீர் தெளிக்கவும். களை பிடுங்குவதை மூன்றாம் கிழமைக்குள் ஒருமுறை கட்டாயம் செய்யவேண்டும். வெங்காய இலை மெல்லியது. களையை நிழல் போட்டு அடக்க அதனால் முடியாது. கொத்தும்போது வேர் அறுபடுமாதலால் கையால் பிடுங்குவதே நல்லது. யூரியா இடுவதானால் முதல் ஆறு கிழமைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பிந்தி இட்டால் கழுத்துத் தடித்து, சேமிப்பில் அழுகும்.

இலையில் வெள்ளிக்கோடுகள் போன்ற கீறல்கள் தெரிந்தால் அது பனிப்பூச்சியின் வேலை. இலைகள் முறுகிச் சுருண்டால் இலைமுறுக்கல் நோய். அது பங்கசால் வருவது. அத்தகைய செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள்.

கிணற்று நீர்: கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி

வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதன் பின் ஒவ்வோர் அலகு கூடும்போதும் ஏறத்தாழ 16 சதவீதம் இழப்பு. துறைமுகத்தைச் சுற்றியும் கரையோரமாகவும் வாழும் நமக்கு இது வெறும் எண் அன்று.

கரையோர மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு வில்லைபோல உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது 1.025. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் முழு அமைப்பும் நிற்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் எல்லை ஏறத்தாழ 40 மீற்றர் உயரக்கூடும். நீரிறைக்கும் இயந்திரத்தை மணிக்கணக்கில் ஓடவிட்டு, பிறகு கிணறு உவர்த்துவிட்டது என்று சொல்வதன் காரணம் இதுவே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவாக்கத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் அடியிலிருந்த உப்புநீரும் மேலெழுந்தது. கிணறுகளைப் பெருமளவில் மீட்டுத் தந்தது அடுத்தடுத்து வந்த மாரி மழையே.

ஆகவே கரைக்கு அருகில் இருப்போர் ஒரேயடியாக இறைக்காமல், சிறிது சிறிதாகப் பல தடவை எடுங்கள். பகுதியிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் நீரைப் பரிசோதிக்கும் வழியைக் கேட்டறியலாம். நீர் உவர்ப்பானால் இவ்வாண்டு வெங்காயத்தை விட்டுவிட்டு, உப்பைத் தாங்கும் வேறு பயிரை நடுவதே புத்தி.

அறுவடை

பயிர் முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம். இலைகளில் பாதிக்கு மேல் கழுத்தில் மடிந்து சாயும்போது, இலையிலிருந்த உணவு குமிழுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். டாபடில் வளர்ப்போர் பூ முடிந்தபின்னும் இலை மஞ்சளாகும்வரை வெட்டாமல் விடுவதும் இதே காரணத்துக்காகவே. பிடுங்குவதற்கு ஒரு கிழமை முன்பே நீரை நிறுத்துங்கள். பிடுங்கியபின் சில நாள் நிழலில் உலர்த்தி, தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த போகத்துக்கான விதையை முதலில் ஒதுக்கிவிட்டே சமையலுக்கு எடுக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை

ஒரே குடும்பம் என்பதால் ஒரே குணம் என்று எண்ணிவிடாதீர்கள். டாபடில் குமிழிலும் விஷமூங்கில் குமிழிலும் லைகோரின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. கடும் வாந்தி ஏற்படும். 2009 இல் இங்கிலாந்தின் சபோக் பகுதியில் ஓர் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள், தோட்டத்து வெங்காயத்தோடு தவறுதலாகச் சேர்ந்துவிட்ட டாபடில் குமிழ் கலந்த சூப்பை அருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கசக்கி முகரும்போது வெங்காய மணம் வராத எந்தக் குமிழையும் வாயில் வைக்கவேண்டாம். அழகுக்கு நடும் குமிழ்களையும் வெங்காயத்தையும் ஒரே பெட்டியில் சேமிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, கார்த்திகைப்பூ எனப்படும் காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைத்த மலர் அது. அதன் நிலக்கீழ்ப் பகுதி குமிழ் அன்று, கிழங்கு. அதில் உள்ள கொல்சிசின் உயிரைக் கொல்லும். வற்றாளைக்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தோர் நம் நாட்டில் உண்டு. வேலியில் படர்ந்திருந்தால் வீட்டிலுள்ள சிறுவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

முற்றத்தில் பூவும் வேண்டும் என்போருக்கு மழை லில்லி இருக்கிறது. வெயிலில் காய்ந்து கிடந்து, முதல் மழை விழுந்த சில நாட்களில் திடீரெனப் பூக்கும். டாபடில் குளிருக்குக் காத்திருப்பதுபோல் இது மழைக்குக் காத்திருக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. வெங்காயக் குமிழின் நெடுக்குவெட்டு முகத்தை வரைந்து தண்டு, சேமிப்பு இலை, உச்சியரும்பு, வேர் ஆகியவற்றைக் குறிக்குக.

2. குமிழ் மூலம் இனம்பெருக்குவதன் அனுகூலம் ஒன்றும் பிரதிகூலம் ஒன்றும் தருக.

3. 4 மீற்றர் × 1.2 மீற்றர் பாத்தியில் 10 செ.மீ × 10 செ.மீ இடைவெளியில் நடத் தேவையான குமிழ்களின் எண்ணிக்கையைக் காண்க. (விடை: 480)

4. நிலாவெளியில் கரையிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஒரு வீட்டுக் கிணற்று நீர் மாசியில் நன்றாகவும் ஆவணியில் உவர்ப்பாகவும் உள்ளது. காரணத்தை விளக்கி, அவ்வீட்டார் சின்ன வெங்காயம் நடத் தகுந்த மாதத்தையும் நீர் எடுக்கவேண்டிய முறையையும் குறிப்பிடுக.