கல்லூரிக் கட்டணமும் நம் கடமையும்

கருக்களாச்சேரி மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் பொறியியற் பட்டம் எட்டாக் கனியன்று. 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகம், நம் காரைக்கால் வட்டாரத்துத் திருவேட்டக்குடியிலேயே இயங்கி வருகிறது.

தேசிய தொழில்நுட்பக் கழகங்களில் பி.டெக். பயிற்சிக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு ரூ. 70,000-இலிருந்து ரூ. 1,25,000 ஆக உயர்ந்தது. அத்துடன் சலுகையும் வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 1 லட்சத்துக்குட்பட்டோர்க்கும், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்க்கும் அக்கட்டணம் முழுதும் தள்ளுபடி, ரூ. 5 லட்சம் வரை மூன்றில் இரு பங்கு தள்ளுபடி.

ஆனால் விடுதியும் உணவும் இதில் அடங்கா. வருமானச் சான்றிதழின்றி வருமானம் சார்ந்த சலுகை கிட்டாது. இவ்விரண்டும் தடையாயின், பெற்ற இடத்தையும் பிள்ளை இழக்க நேரும். ஆகவே அங்கத்தினர்களே, சான்றிதழை முன்னரே பெற உதவுவோம். விடுதிச் செலவுக்குக் கைகொடுப்போம். வலையும் துணியும் ஓரிழையால் ஆவதில்லை.